சூளையைச் சமன்செய்யும் கணக்கு: விருத்தாசலம் பீங்கான் சூளைகளை முன்வைத்துப் பிரிநிலையாக்கப் பிழை குறித்த ஒரு திறனாய்வு

கணிப்பியப் பாய்ம இயக்கவியலில் பிழை என்பது எந்தப் பக்கமும் சாயாத சிதறல் என்னும் எண்ணம் ஆய்வேடுகளில் பரவலாகக் காணப்படுகிறது. கிடைத்த விடையோடு 'கூட்டல் கழித்தல் இவ்வளவு' என்று சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது என்பது அதன் நடைமுறை வடிவம். பீங்கான் சூளையின் வளியோட்டத்தைக் கணிக்கும்போது இவ்வெண்ணம் பொருந்துவதில்லை. அங்கே பிழைக்குத் திசை உண்டு. அது சூளையை உள்ளதைவிடச் சீரானதாகக் காட்டும்.

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் பீங்கான் நகரம் எனப் பெயர்பெற்றது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிப் பகுதியின் வெண்களிமண் அருகிலேயே கிடைப்பதும், பீங்கான் தொழிற்பேட்டையும் தொழில்நுட்பக் கல்விநிலையமும் அமைந்ததும் அதற்குக் காரணங்கள். ஃபியூஸ் கட்டை, மின்காப்பான், பொம்மை, அகல் செய்யும் சிறு கூடங்களுக்குச் சூளையின் சராசரி வெப்பநிலையால் பெரும்பயன் இல்லை. மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் எத்தனை பாகை வேறுபாடு என்பதே அவற்றின் கேள்வி. மேலே வளைந்துபோன பொருளும் கீழே வேகாமல் நீர் உறிஞ்சும் பொருளும் ஒரே சூட்டில் வெளிவரக்கூடும். சூளை ஆறும்போது ஏறத்தாழ 573 பாகை செல்சியசில் குவார்ட்சு உருமாறிச் சட்டெனச் சுருங்குகிறது. ஒரே கலத்தின் இரு பக்கங்கள் அந்த வெப்பநிலையை வெவ்வேறு நேரத்தில் கடந்தால் விரிசல் விழும். கணிப்பிடம் கேட்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்; கரடுமுரடான கணிப்பு முதலில் அழிப்பதும் அதையே.

'அப்விண்ட்' முறையில், ஒரு கட்டத்தின் எல்லையில் நிலவும் மதிப்பு, ஓட்டம் எந்தக் கட்டத்திலிருந்து வருகிறதோ அதனிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. டெய்லர் தொடராக விரித்தால், கைவிடப்பட்ட உறுப்புகளில் முதலாவது இரண்டாம் வகைக்கெழுவாக அமைவதைக் காணலாம். விரவலின் வடிவமும் அதுவே. எனவே கணிப்பொறி, சமன்பாட்டில் இல்லாத ஒரு பொய்விரவலைத் தானே சேர்த்துக்கொண்டு, வேறொரு பாய்மத்தின் கணக்கைத் தீர்க்கிறது. ஓட்டம் கட்டங்களுக்குச் சாய்வாகச் செல்லும்போது இப்பொய்விரவல் எவ்வளவு என்பதற்கு டி வால் டேவிஸ், மல்லின்சன் ஆகியோர் 1972இல் வாய்பாடு தந்தனர். சதுரக் கட்டங்களில் 45 பாகைச் சாய்வுக்கு அது திசைவேகம், கட்ட அளவு இரண்டின் பெருக்கற்பலனில் ஏறத்தாழ 0.35 பங்கு.

கீழிழுப்புச் சூளையில் தீ, தடுப்புச்சுவரை ஒட்டி மேலேறி, வளைகூரையில் திரும்பி, அடுக்குகளின் ஊடே இறங்கித் தரைத் துளைகள் வழியே வெளியேறுகிறது. திரும்பும் இடமெங்கும் ஓட்டம் சாய்வானது. எடுத்துக்காட்டாக, திசைவேகம் வினாடிக்கு 2 மீட்டர், கட்டம் 5 செ.மீ. எனக் கொண்டால் பொய்விரவல் வினாடிக்கு 0.035 சதுர மீட்டர். ஆயிரம் பாகையில் காற்றின் மூலக்கூற்று வெப்ப விரவலைவிட இது சுமார் 150 மடங்கு. சூளையில் ஆள்வது கொந்தளிப்பு விரவல் ஆதலால் இந்த ஒப்பீடு நேர்மையற்றது எனலாம். அதனை 0.01 எனத் தாராளமாகவே கொண்டாலும் பொய்யானது மூன்றரை மடங்கு நிற்கிறது. கட்டத்தை 1.25 செ.மீ. ஆக்கினால்தான் இரண்டும் ஓரளவு சமமாகும். அதற்கு முப்பரிமாணத்தில் 64 மடங்கு கட்டங்கள் தேவை.

பூனேயில் பொறியியல் பயின்ற சுகாஸ் பதங்கர் 1980இல் வெளியிட்ட பாடநூல் இதை மறைக்கவில்லை. மேற்கண்ட வாய்பாட்டையும் தருகிறது. ஆனால் அந்நூல் பரிந்துரைக்கும் அடுக்குவிதி முறையில், கட்டப் பெக்லே எண் 10ஐக் கடந்ததும் விரவல் உறுப்பு நீங்கி, அப்விண்ட் மட்டுமே எஞ்சுகிறது. நூலின் எச்சரிக்கையை விட்டு முறையை மட்டும் எடுத்துக்கொள்வது வாசகரின் குறை. உயர்வரிசை முறைக்குத் தாவுவதும் எளிய தீர்வன்று. புதிய ஏற்ற இறக்கங்களை உண்டாக்காத நேரியல் முறை எதுவும் முதல் வரிசையைத் தாண்டாது என 1959இல் கோதுனோவ் நிறுவினார். வரம்பிடும் நேரியலல்லா முறைகள் அதன் பின்னரே பெருகின.

இதனினும் கடுமையாகக் கண்டிக்கத்தக்கது 'கட்டச் சார்பின்மை' என்ற சொல்லின் பயன்பாடு. விளக்கத்துக்காக ஒரு கணக்கைக் கொள்ளலாம். கட்ட அளவை இருமுறை பாதியாக்கியபோது மேலடுக்கு வெப்பநிலை முறையே 1169, 1176, 1180 பாகையும், கீழடுக்கு 1131, 1124, 1120 பாகையும் வருகின்றன. மேலடுக்கை மட்டும் காட்டுபவர், இறுதி மாற்றம் 0.3 விழுக்காடே எனக் கூறிக் கட்டச் சார்பின்மையை அறிவித்துவிடுவார். வேறுபாடோ 38, 52, 60 என வளர்ந்துகொண்டிருக்கிறது. கற்கட்டு அணை ஒன்றின் தகைவுகளைக் கணிக்க ரிச்சர்ட்சன் கையாண்ட, 1911இல் அச்சேறிய புறநீட்டல் முறையை இங்கே இட்டால், மாற்றங்களின் விகிதம் 14க்கு 8. எல்லை மதிப்பு ஏறத்தாழ 71 பாகை. அதாவது மிக நுண்ணிய கட்டமும் 11 பாகை குறைத்தே சொல்கிறது. 1986இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பாய்மப் பொறியியல் இதழ், எண்முறைப் பிழையை மதிப்பிடாத கட்டுரைகளை ஏற்பதில்லை என அறிவித்தது. 1994இல் ரோச் முன்வைத்த கட்டக் குவிவுக் குறியீடும் இந்தப் புறநீட்டலின் மீது எழுந்ததே.

அளவீட்டோடு ஒத்துப்போகிறது என்பது மறுமொழியாகாது. சுவரோரத்துத் தெர்மோகப்பிள் ஒன்று காட்டுவது பெரும்பாலும் சராசரிக்கு அண்மையானது. பொய்விரவல் சராசரியைத் தொடுவதில்லை. மேலும், உயர் வெப்பத்தில் கதிர்வீச்சும் சூளையை உண்மையாகவே ஓரளவு சமன்செய்கிறது. கணிப்பு அளவீட்டுக்குப் பொருந்தும்வரை உமிழ்திறனைத் திருத்தினால், எது கதிர்வீச்சின் வேலை, எது கட்டத்தின் வேலை என்று பிரித்தறிய வழியே இராது. தமிழில் தவறு, துண்டிப்பு, அளவீட்டு ஐயப்பாடு மூன்றுக்கும் 'பிழை' என்ற ஒரே சொல் வழங்குவது இக்குழப்பத்துக்குத் துணைபோகிறது.

அடுக்குக்கு ஒன்றாக வைக்கப்படும் வெப்பக் கூம்புகள் விலை குறைந்தவை, சூளைக்காரர்களுக்குப் பழக்கமானவை. அவற்றின் சாய்வை மேலிருந்து கீழாகப் பதிந்து, மூன்று கட்ட அளவுகளில் கணித்த அடுக்கு வேறுபாட்டோடு வைத்துப் பார்க்கும் ஆய்வேடு, உமிழ்திறனில் கைவைப்பதற்கு முன்பே தன் துண்டிப்புப் பிழையைக் கண்டிருக்கும்.