நிழலின் நிறம்

நிழலின் நீளத்தை அளந்து அஸர் வேளையை அறிந்த சமுதாயம் நம்முடையது. அந்நிழலின் நிறத்தை நாம் என்றேனும் நோக்கியதுண்டா? பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1888இல் தீட்டிய ‘லா சாலிசிலிருந்து தெரியும் ஆண்டீப்’ ஓவியத்தை அச்சுப்படியில் கண்டபோது இவ்வினா என்னுள் எழுந்தது.

மத்தியதரைக் கடற்கரை, முன்னே மரம், நீருக்கு அப்பால் வெயிலில் ஒளிரும் பழைய ஊர். நிழலுக்குக் கருமை பூசாமல், நீலமும் ஊதாவும் தோய்த்திருக்கிறார். இது கற்பனையன்று. கதிரவன் படாத இடத்திலும் வானத்தின் ஒளி படுகிறதல்லவா?

முற்பகல் நிழலை ‘ளில்’ என்றும், உச்சி சாய்ந்தபின் திரும்பும் நிழலை ‘ஃபைஉ’ என்றும் அரபு மொழிவாணர் பிரிப்பர். பொழுது மாறினால் பொருளும் மாறும் என்பது அவர்தம் நுட்பம். மோனேயும் ஒரே காட்சியை வெவ்வேறு பொழுதுகளில் தனித்தனிச் சீலைகளில் வரைந்தவரே.

குறையொன்றும் உண்டு. இவ்வெயிலில் வியர்வை இல்லை. விளாத்திகுளத்துக் கரிசலில் குனிந்து பருத்தி எடுப்பவர்க்கு வெயில் இத்துணை இனியதன்று. ஒளியின் அழகைக் கண்டவர், அதன் கீழ் உழைப்பவரை இப்படத்தில் காணவில்லை.

ஆயினும் அவருக்கு நான் கடன்பட்டவன். நிழலுக்குக் கரி தீட்டிய மாணவரை இதுகாறும் நான் திருத்தியதில்லை. நேற்று அஸருக்குப் பின் உடைமரத்தடியில் நின்று பார்த்தேன். கரிசல் மண்ணிலும் நிழல் வெறுங்கருமையன்று. மெல்லிய நீலம் படர்ந்திருந்தது. இனி மாணவரிடம், “வெளியே சென்று பார்த்து வந்து தீட்டுங்கள்” என்பேன்.