செல்லம்மாள் தேர்ந்த புடவை

நோயைப் பற்றிய கதைகளை நோயாளிக்கு வாசித்துக் காட்டலாகாது என்பது நம் இல்லங்களில் எழுதப்படாத சட்டம். அச்சட்டத்தை ஒருமுறை நான் மீற நேர்ந்தது. மீறியதன் பயனாக, பலமுறை படித்து முடித்துவிட்டதாக எண்ணியிருந்த ஒரு கதையை அன்றுதான் உண்மையாகப் படித்தேன்.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' 1943இல் 'கலைமகள்' இதழில் வெளிவந்தது. சென்னையில் ஜவுளிக் கடையொன்றில் சொற்ப ஊதியத்துக்கு உழைப்பவர் பிரமநாயகம் பிள்ளை. அவர் மனைவி செல்லம்மாள் நெடுநாள் நோயாளி. பொங்கலுக்கேனும் சொந்த ஊருக்குப் போய்வர வேண்டும் என்பது அவளது தீராத ஆசை. அந்த ஆசை நிறைவேறுவதில்லை. அவள் உயிர் பிரிந்த செய்தியோடுதான் கதையே தொடங்குகிறது. பின்னர் கடந்த நாள்களுக்குத் திரும்பி, மீண்டும் அந்த இரவுக்கே வந்து சேருகிறது. நம்பிக்கை வறட்சிக்கு எடுத்துக்காட்டாக இக்கதையைச் சுட்டுவது நம் திறனாய்வாளர்களின் வழக்கம். நானும் அவ்வாறே கருதியிருந்தேன்.

வானூரில் என் சின்னம்மா புற்றுநோயுடன் படுத்திருந்த காலம் அது. மரக்காணத்து உப்பளங்களில் இளமை முழுவதும் உப்பு வாரியவர். வெயிலில் வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறிக்கும் பாத்திகளைப் பார்த்துப் பார்த்தே பார்வை மங்கியவர். கோரிமேட்டு மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்து ஓய்ந்த ஒரு மாலையில், "ஏதாவது கதை படிடா" என்றார். என் பையில் இருந்தது புதுமைப்பித்தன் தொகுதி ஒன்றே. முதல் பக்கத்தைப் படித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் என்னைச் சுட்டெரிப்பதுபோல் பார்த்தார். சின்னம்மாவோ, "செத்துட்டான்னுதான் முதல்லயே சொல்லிட்டானே, இனிமே என்ன பயம்? மேலே படி" என்றார்.

இக்கதையின் அமைப்பைப் பற்றி நான் கேட்ட மிகச் சிறந்த விமரிசனம் அதுவே. முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவதால், பிழைப்பாளா மாட்டாளா என்ற பதைப்பிலிருந்து ஆசிரியர் நம்மை விடுவித்துவிடுகிறார். எஞ்சுவது இடைப்பட்ட நாள்கள்தாம். தீராத நோயுள்ள வீட்டில் வாழ்பவர்களின் நிலையும் அதுதானே? முடிவு அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அடுப்பு மூட்டுகிறார்கள், சண்டையிடுகிறார்கள், சிரிக்கவும் செய்கிறார்கள்.

பண்டிகைக்கு எடுப்பதற்காகப் பிரமநாயகம் பிள்ளை கடையிலிருந்து புடவைகளை வீட்டுக்கே கொண்டு வந்து அவள் முன் வைக்கும் இடம் வந்தது. சின்னம்மா தலையணையில் சாய்ந்து எழுந்து உட்கார்ந்தார். எந்தப் புடவை, என்ன கரை, விலை எவ்வளவு என்று கேள்விமேல் கேள்வி. அந்தச் சம்பளத்தில் அந்த மனிதருக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று சொல்லிச் சிரித்தார். நெடுநாளாய் அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. நானோ அக்காட்சியை, வரவிருக்கும் துயரத்தைக் கூர்மையாக்கும் உத்தி என்றே அதுவரை கொண்டிருந்தேன். இறுதியில் அவள் விரும்பிய புடவையே அவள் சடலத்துக்கு உடுத்தப்படுவது என் வாசிப்புக்குச் சான்றாகவும் தோன்றியது. அதில் பாதிதான் உண்மை. தேர்ந்தெடுத்த அந்த நேரத்தில் செல்லம்மாள் நோயாளி அல்லள்; புடவை எடுக்கும் ஒரு பெண். அந்த நேரத்தின் மகிழ்ச்சியைப் பின்னால் வரும் மரணம் பொய்யாக்கிவிட முடியாது.

பிரமநாயகம் பிள்ளையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிதற்றலில் செல்லம்மாள் தாயை அழைக்கிறாள். ஊருக்குப் போய்விட வேண்டும் என்கிறாள். பக்கத்தில் இருந்து பேணும் கணவனே அவ்வேளையில் அவளுக்குப் பகைவனாகத் தோன்றுகிறான். நோயாளியைப் பேணியவர்களுக்கு இந்த வலி விளங்கும். அவர் அதை மனத்தில் கொள்வதில்லை, விளக்கம் கேட்பதில்லை, கடவுளையும் விதியையும் இழுப்பதில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்களே, அந்த ஏழு நாள்களில்தான் அவர்கள் நல்ல நண்பர்களாக இருந்தார்கள். வாய் திறந்த பிறகு நேர்ந்தது நாம் அறிந்ததே. பிள்ளையவர்கள் கடைசிவரை அந்த ஏழு நாள்களிலேயே இருக்கிறார்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை நாம் ரோசா மலர்களோடு மட்டுமே நினைத்துப் பழகிவிட்டோம். 1896ஆம் ஆண்டுப் புனித வெள்ளியை ஒட்டி முதன்முதலாக இரத்தம் கக்கிய அவர், 1897 செப்டம்பர் 30 அன்று இறக்கும்வரை நம்பிக்கையின் இருளில் நடந்தார் என்பதை அவருடைய கையெழுத்துப் படிகளே கூறுகின்றன. அதே மாதங்களில் படுக்கையில் இருந்தபடி உடன்பிறந்த சகோதரிகளைக் கேலி பேசிச் சிரிக்கவும் வைத்தார். இருள் நீங்கிய பின் வந்த சிரிப்பு அன்று அது; இருளுக்குள்ளேயே எழுந்தது.

கதையில் எனக்கு ஒரு குறையும் உண்டு. ஆசிரியர் கணவரின் தோளருகிலேயே நின்றுவிடுகிறார். செல்லம்மாள் தனித்திருக்கும் பகல்கள், அவர் கடைக்குப் போனபின் நீளும் அந்தப் பொழுதுகள், நமக்குக் காட்டப்படுவதே இல்லை. அவளுடைய மனத்தை நாம் ஊகித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. பிணி உடையவரின் பக்கத்திலிருந்து இக்கதையை யாரேனும் மறுபடி எழுதினால் என்ன?

எழுதியவருக்கே அந்தப் பக்கம் பின்னர் வாய்த்தது. 'ராஜமுக்தி' திரைப்பட வேலையாகப் புனே சென்ற இடத்தில் காசநோய் முற்றியது. 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில், 42ஆம் வயதில் மறைந்தார். வெளியூரிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் 'கண்மணி கமலாவுக்கு' என்ற நூலாக வந்தன. 'செல்லம்மாள்' படித்த கையோடு அவற்றைப் படிப்பது கடினமான காரியம்.

அன்று கதையை முடித்து நூலை மூடினேன். பக்கத்து வீட்டு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னம்மா சற்று நேரம் கூரையைப் பார்த்தபடி இருந்துவிட்டு, "அந்தப் புடவை வர்ற எடத்த மட்டும் இன்னொரு தரம் படி" என்றார். படித்தேன்.