அழைப்பிதழ் என்னும் பிரதி: யாருக்கு அறிவிக்கிறோம்?

ஒரு கலாச்சார நிறுவனம் தன் இணையதளத்தைப் புதுப்பிக்கிறது என்றால், அது கணிப்பொறிக்காரர்கள் சமாச்சாரம், இலக்கியவாதிக்கு அங்கே என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் அதையும் ஒரு பிரதியாகவே வாசிக்கிறேன். எதை மேலே வைக்கிறது, எதை அடியில் தள்ளுகிறது என்பதில் பிரதியின் அரசியல் தெரிந்துவிடும்.

நம்மூர் அழைப்பிதழை எடுத்துக்கொள்வோம். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. பெயருக்கு முன்னால் பட்டம், பின்னால் பதவி. நாளும் இடமும் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். எத்தனை மணிக்கு முடியும் என்பது பெரும்பாலும் இருக்காது. இந்தப் பிரதி மனதில் வைத்திருக்கும் வாசகர் கூட்டத்துக்கு வரப்போகிறவர் அல்ல. தன் பெயர் எத்தனையாவது வரிசையில் அச்சாகியிருக்கிறது என்று பார்க்கிறவர். இதையே படம்பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டு, அறிவித்தாயிற்று என்கிறார்கள். படத்துக்குள் அடைபட்ட தேதியைத் தேடி எடுப்பது கஷ்டம். பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கோ அது பெரும்பாலும் வெறும் படம்தான்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற குறியாக்கங்கள் வந்தன. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல். அதற்கு முன் பல தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. அது இல்லாதவருக்குப் பக்கம் முழுக்கப் புரியாத குறிகளாகத் தெரியும். ஒருங்குறியால் அந்தத் தடை விலகிய பிறகும் எழுத்தைப் படத்துக்குள் கொண்டுபோய்ப் பூட்டுகிறோம் என்றால், அதைத் தொழில்நுட்பப் போதாமை என்று எப்படிச் சொல்வது?

உடுமலைப்பேட்டையையே பாருங்கள். ஊர்ப்பெயரைத் தாங்கிய உடுமலை டாட் காம் தமிழ்ப் புத்தகங்களை இணையத்தில் விற்கிறது. ஆசிரியர் பெயரைக் கொண்டே டொரோண்டோவில் இருப்பவர் ஒரு நாவலைக் கண்டெடுக்கலாம். அதே நாவலுக்கு இங்கே ஒரு விமர்சனக் கூட்டம் நடந்தால், அடுத்த தெருக்காரருக்கே தெரியாது. புத்தகம் பண்டம், அதற்கு விலை உண்டு, ஆகவே அட்டவணையும் உண்டு. விலையில்லாத கூட்டத்தை வகைப்படுத்த யாரும் மெனக்கெடுவதில்லை.

அரசுசார் நிறுவனங்கள் வகைப்படுத்தும்போது துறை, மாவட்டம், திட்டம் என்று நிர்வாகத்தின் மூளையால் வகைப்படுத்துகின்றன. உடுமலை 2009 வரை கோவை மாவட்டம், பிறகு திருப்பூர். இந்த எல்லைக்கோடு கூத்துப் பார்க்கப் போகிறவருக்கு எதற்கு? அவர் கேட்பது, ‘இந்த ஞாயித்துக்கிழமை பக்கத்துல என்ன இருக்குதுங்க?’ மினியாபொலிஸின் வாக்கர் கலை மையம் 2011இல் தன் முகப்பைச் செய்தி இதழ்போல மாற்றியமைத்தது. அதை அப்படியே இங்கே பெயர்த்து நடச் சொல்லவில்லை. நம்மிடமே மணிமேகலையின் விழாவறை காதை இருக்கிறது. முரசறைவோன் நகரையும் அரசனையும் வாழ்த்துகிறான்தான். ஆனால் அதோடு நிற்காமல் இருபத்தெட்டு நாள் விழாவில் எங்கே என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்கே சொல்கிறான்.

அந்த முரசையும் நான் புனிதப்படுத்த மாட்டேன். தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லி 2022இல் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஊர்த் திருவிழாவைப் பறையடித்து அறிவித்த தலித்துக்குக் கோயிலுக்குள் இடமில்லாத ஊர்கள் எத்தனை! எல்லோரையும் எட்டும் அறிவிப்பு எல்லோரையும் அழைக்கும் அறிவிப்பாக இருப்பதில்லை. இன்றைய தளங்களுக்கும் இது பொருந்தும்.

பனியன் கம்பெனியில் ‘ஒன்றரை ஷிப்ட்’ பார்ப்பவர் இரவு எட்டரைக்கு வெளியே வருகிறார். ஆறு மணிக் கூட்டத்தை எவ்வளவு எளிதாகக் கண்டுபிடிக்க வைத்தாலும் அவருக்கு அது இல்லாத கூட்டம்தான். வேலை நாளிலேயே கூட்டத்தை வைத்துவிட்டு, ‘ஜனங்களுக்கு ரசனை இல்லை’ என்று தீர்ப்பெழுதுகிறோம்.

எனவே தளத்தைத் திருத்துகிறவர்கள் முதலில் நாளை மேலே வைக்கட்டும். பிறகு இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், கட்டணம், கடைசிப் பேருந்து, மாடிப்படி உண்டா இல்லையா, பெண்களுக்குக் கழிப்பறை. எல்லாம் எழுத்தாக இருக்கட்டும். தலைமையும் முன்னிலையும் கீழே போகட்டும். இதில் சில்லறை விஷயம் எதுவுமில்லை. முடியும் நேரத்தை எழுத உட்கார்ந்தால் வாழ்த்துரைகளைக் குறைத்தாக வேண்டும். கடைசிப் பேருந்தை எழுத உட்கார்ந்தால் கூட்ட நேரத்தையே மாற்ற வேண்டிவரும். பல நிறுவனங்கள் இந்த விவரங்களைத் தவிர்ப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். சிறுபத்திரிகைக்காரர்களான நாம் நடத்தும் கூட்டங்களின் அழைப்பிதழ்களையும் இதே கண்ணோடு ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.