காலத்துக்கும் ஓடக் கூலி உண்டு

என் அக்காள் மகள் ஒரு பாங்கியில் உத்தியோகம் பார்க்கிறாள். சம்பளம் வாங்கியதும் அதில் ஒரு பங்கைப் புத்தகக் கடைக்கு மொய் எழுதிவிட்டுத்தான் மற்றச் செலவைப் பார்ப்பாள். சென்ற கோடையில் எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்கினாள். அவள் பெட்டியில் புடவைகளைவிடப் புத்தகங்கள் அதிகம். எல்லாம் இங்கிலீஷ் நாவல்கள். எடுத்துப் புரட்டினேன். எல்லாவற்றிலும் ஒரே சமாசாரம்தான்: ஒரு ஆணோ பெண்ணோ எப்படியோ வேறொரு காலத்துக்குப் போய் விழுகிறார்கள், அங்கே ஒருவரைக் காதலிக்கிறார்கள்.

"கல்லைத் தொட்டால் இருநூறு வருஷம் பின்னால் போவதும், அங்கே வாட்டசாட்டமான வாலிபன் ஒருவன் தயாராகக் காத்திருப்பதும்... பகல் கனவுக்கு அட்டை போட்டு விற்கிறார்கள். நீயும் காசு கொடுத்து வாங்குகிறாய்" என்றேன்.

"படிச்சுட்டுத் திட்டுங்க மாமா. படிக்காமத் திட்டறது விமரிசகர்கள் வேலை. நீங்க கதை எழுதறவர்தானே?" என்றாள்.

ரோசம் வந்துவிட்டது. ஆறு வாரம் வேறு வேலை செய்யாமல் அவள் விட்டுப்போன புத்தகங்களைப் படித்தேன். பாதிக்கு மேல் நான் சொன்னது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் மீதி விஷயத்தில் நான் தோற்றுப் போனேன். அந்தத் தோல்வியைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

காதல் கதைக்கு முக்கியமாக வேண்டியது காதலர் இருவர் அல்ல. இருவருக்கும் நடுவே ஒரு தடை வேண்டும். தடை பலமாக இருந்தால் சுமாரான காதலர்கள்கூடக் கதையில் பிரகாசித்துவிடுவார்கள். பழைய ஐரோப்பிய நாவலாசிரியர்களுக்குத் தடைக்குப் பஞ்சமே இல்லை. கண்டிப்பான தகப்பனார், அந்தஸ்து, சொத்து, முன்பே நடந்துவிட்ட விவாகம் என்று எத்தனையோ இருந்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவையெல்லாம் நாளடைவில் தளர்ந்துவிட்டன. பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொள்ளலாம், பிடிக்காவிட்டால் விவாகரத்து. மனிதர்களுக்கு இது நல்லதுதான். கதாசிரியனுக்குத்தான் பிழைப்புப் போயிற்று. அவன் நாலாபக்கமும் தேடி, எந்தச் சட்டத்தாலும் தளர்த்த முடியாத ஒரு தடையைக் கண்டுபிடித்தான். அதுதான் காலம். காலத்தின் காலில் விழுந்து கெஞ்ச முடியாது. அதற்குக் கையூட்டும் கொடுக்க முடியாது.

இது முழுக்கப் புதிய கற்பனை என்று சொல்வதற்கில்லை. ரேவதியின் கதையைப் பாகவதம் சொல்கிறது. மகளுக்கு வரன் கேட்க அவளையும் அழைத்துக்கொண்டு ககுத்மி என்ற அரசன் பிரம்மலோகம் போகிறான். அங்கே கச்சேரி நடக்கிறது. பாட்டு முடியட்டும் என்று மரியாதையாகக் காத்திருக்கிறான். அந்தச் சிறிது நேரத்தில் பூலோகத்தில் இருபத்தேழு சதுர்யுகங்கள் கழிந்துவிடுகின்றன. மனசில் வைத்திருந்த மாப்பிள்ளைகள், அவர்களுடைய பேரன் பேத்திகள் எல்லோருமே போய்விட்டார்கள். ரேவதி கடைசியில் பலராமனுக்கு வாழ்க்கைப்படுகிறாள். பழைய யுகத்துப் பெண்ணானதால் அவள் மிகவும் உயரமாக இருந்தாளாம். பலராமன் தன் கலப்பையின் நுனியால் அவளைக் குட்டையாக்கினான் என்று விஷ்ணு புராணம் சொல்கிறது. வேறு காலத்தில் வந்து வாழ வேண்டுமானால் உன் உயரத்தைக் கொடு என்கிறது கதை.

இங்கிலீஷில் இந்த வகைக்கு வழி போட்டவர் எச். ஜி. வெல்ஸ். 1895-இல் வெளிவந்த 'தி டைம் மெஷின்' காதல் கதை அல்ல. ஆனால் எதிர்காலத்துக்குப் போய்த் திரும்பியவனின் சட்டைப் பையில் இரண்டு வெள்ளைப் பூக்கள் இருக்கின்றன. வீனா என்ற சிறு பெண் வைத்த பூக்கள். அவளை அவன் காப்பாற்றவில்லை, பூக்கள்தான் மிச்சம். புத்தகத்திலுள்ள விஞ்ஞானம் எனக்குப் பாதி மறந்துவிட்டது. பூக்கள் மறக்கவில்லை.

ஆகவே இந்த வகை நாவலுக்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் சுலபமானது. ஆற்றைக் கடக்க ஓடக் கூலி உண்டு. காலத்தைக் கடக்கக் கூலி என்ன, அதைக் கொடுப்பது யார்? இந்த இரண்டு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்கிற கதை இலக்கியத்தின் பக்கத்திலாவது வருகிறது. கூலியே கேட்காமல் அக்கரையில் இறக்கிவிடுகிற கதை, நாடகக் கம்பெனிக்காரன் வாடகைக்கு எடுத்த ராஜா உடுப்பைப் போன்றது. ஜரிகை மின்னும். உள்ளே ராஜா இருக்கமாட்டான்.

ரிச்சர்ட் மாதிசன் 1975-இல் எழுதிய 'பிட் டைம் ரிட்டர்ன்' கூலியை நன்றாக அறிந்த கதை. மூளையில் கட்டி வந்து நாள் எண்ணிக்கொண்டிருக்கும் ஓர் எழுத்தாளன், கலிபோர்னியாவில் ஒரு பழைய கடற்கரை ஹோட்டலில் தங்குகிறான். அங்கே ஒரு நடிகையின் பழைய படத்தைப் பார்த்து மனசைப் பறிகொடுக்கிறான். யந்திரம் ஒன்றும் இல்லை. மனசை ஒருமுகப்படுத்தியே 1896-க்குப் போய்விடுகிறான், அவளையும் அடைகிறான். பிறகு ஒரு நாள் சட்டைப் பையில் கை விடுகிறான். 1971-ஆம் வருஷத்துக் காசு ஒன்று அகப்படுகிறது. அதைப் பார்த்த மாத்திரத்தில் எல்லாம் போயிற்று! ஒரே ஒரு செப்புக் காசு. கதை எழுதுகிறவன் என்ற முறையில் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறாமைப்பட்டேன். எல்லாமே நோயாளியின் பிரமையாக இருக்குமோ என்ற சந்தேகத்தையும் மாதிசன் தீர்த்துவைக்காமல் விட்டிருக்கிறார். அதுவும் நல்லதே.

ஜாக் ஃபின்னியின் 'டைம் அண்ட் அகெய்ன்' 1970-இல் வந்தது. அதன் கதாநாயகன் படம் வரைகிறவன். 1882-ஆம் வருஷத்து நியூயார்க்குக்குப் போகிறான். பழைய புகைப்படங்களைக் கதையோடு சேர்த்தே அச்சிட்டிருக்கிறார்கள். சுதந்திர தேவியின் கை மட்டும் தீவட்டியோடு அந்நாளில் மாடிசன் சதுக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. இது கற்பனை அல்ல, சரித்திரம். அம்மாதிரி விவரங்களை ஃபின்னி வெகு ருசியாகச் சேகரித்திருக்கிறார். ஆனால் அவருக்கு அந்த ஊரின்மேல் இருக்கிற காதலில் பாதிகூடக் கதாநாயகனுக்குக் கதாநாயகிமேல் இல்லை. நகரத்தை ரசித்தேன், காதலை மன்னித்தேன்.

இனி என் அக்காள் மகளின் குலதெய்வத்துக்கு வருகிறேன். டயானா காபல்டோன் 1991-இல் 'அவுட்லாண்டர்' என்று ஆரம்பித்தார். 2021-க்குள் ஒன்பது பெரும் பாகங்கள் ஆகிவிட்டன. உலக யுத்தத்தில் நர்ஸாக இருந்த கிளேர், யுத்தம் முடிந்ததும் கணவனோடு ஸ்காட்லாந்துக்கு வருகிறாள். அங்கே நட்டுவைத்த புராதனக் கற்களின் நடுவே நின்றவள் 1743-இல் போய் விழுகிறாள். உயிர் தப்புவதற்காக ஜேமி என்ற வாலிபனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிறகு அது நிஜமான காதலாகிறது.

முதல் பாகம் என்னை முழுவதும் திருப்திப்படுத்தவில்லை. கிளேருக்கு இந்தக் காலத்தில் ஒரு கணவன் இருக்கிறான், கெட்டவனும் அல்ல. அவனை அவள் மறக்கிற வேகம் எனக்கு உறுத்தியது. இன்னொன்று: தன் சொல்லை மீறியதற்காக ஜேமி அவளை வாரால் அடிக்கிறான். அந்தக் காலத்துக் கணவன் அப்படித்தான் இருப்பான் என்று ஆசிரியை மறைக்காமல் எழுதியது நேர்மை. ஆனால் அடிபட்டவளைச் சீக்கிரத்தில் சமாதானப்படுத்தி, சிரிக்கவும் வைத்துவிடுகிறார். கூலியைக் கேட்டுவிட்டுப் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

மூன்றாம் பாகத்தில் அந்தப் பாக்கியை வட்டியோடு வசூலித்துவிடுகிறார். 1746-இல் கல்லோடன் யுத்தத்தில் ஸ்காட்லாந்து மலைநாட்டார் அடியோடு தோற்பார்கள் என்பது கிளேருக்கு முன்பே தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. வயிற்றில் குழந்தையோடு தன் காலத்துக்குத் திரும்புகிறாள். இருபது வருஷம் ஓடுகிறது. ஜேமி சாகவில்லை என்று தெரிந்ததும் மறுபடி போகத் துணிகிறாள். வளர்ந்த மகளை இனிப் பார்க்கவே முடியாமல் போகலாம் என்று தெரிந்துதான் போகிறாள். எடின்பரோவில் அச்சுக்கூடம் நடத்திக்கொண்டிருக்கும் ஜேமி, திரும்பிப் பார்த்துவிட்டு மயக்கம் போட்டு விழுகிறான். இருவருக்கும் வாலிபம் போய்விட்டது. தான் இன்னும் இவனுக்கு அழகாக இருப்போமா என்று அவளுக்குப் பயம். நாற்பது வயதைத் தாண்டிய எவரும் அந்த அத்தியாயத்தைச் சிரித்துக்கொண்டே படித்துவிட முடியாது. பகல் கனவு என்று சொன்ன வாயை நான் மூடிக்கொண்டது இங்கேதான்.

ஆட்ரி நிஃபனெகரின் 'தி டைம் டிராவலர்ஸ் வைஃப்' 2003-இல் வந்தது. இதன் ஹென்றி சிகாகோவில் ஒரு நூல் நிலையத்தில் வேலை செய்கிறான். பிறவிக் கோளாறு ஒன்றால், அவன் விரும்பாமலே திடீரென்று வேறொரு காலத்துக்குத் தூக்கி எறியப்படுகிறான். போய் விழுகிற இடத்தில் உடம்பில் துணிகூட இருக்காது; திருடித்தான் உடுத்த வேண்டும். கிளேர் என்ற பெயர் இங்கேயும் உண்டு. அவளுக்கு ஆறு வயதாகும்போது முப்பத்தாறு வயது ஹென்றி அவள் முன்னே வந்து நிற்கிறான். வளர்ந்து இருபது வயதில் அவனை நூல் நிலையத்தில் சந்திக்கிறாள். அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது; அவளை யாரென்றே அவனுக்குத் தெரியாது!

இந்தச் சாமர்த்தியத்தைப் பலரும் புகழ்கிறார்கள். என்னைத் தொட்டது வேறு. ஹென்றி வரப்போகும் நாட்கள் 152. அவற்றைச் சிறுமி ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். பிரயாணம் அவனுக்கு, கூலி அவளுக்கு. புத்தகத்தின் பெயரிலேயே பிரயாணியைவிட மனைவி முக்கியமாக இருப்பது நியாயந்தான். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. ஆறு வயதுக் குழந்தையிடம் அவளுடைய வருங்காலக் கணவன் வந்து பழகுகிறான். அதன் பிறகு அவள் சுயமாகத் தேர்ந்தெடுத்தது என்று என்ன இருக்கிறது? ஆசிரியை இந்தக் கேள்வியைத் தொடுகிறார்; சுடுகிறது என்று கையை எடுத்துவிடுகிறார். காத்திருத்தலை இவ்வளவு அழகாக எழுதிவிட்டால், அது ஒரு தண்டனை என்பது வாசகனுக்கு மறந்துபோகிறது.

இதையெல்லாம் ஒரு நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "நீ எந்தக் காலத்துக்குப் போவாய்?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"நான் எங்கேயும் போகமாட்டேன். எங்க கொள்ளுப்பாட்டிக்கு ஒன்பது வயசிலே கல்யாணம், பதினாலு வயசிலே தலையை மழிச்சு மூலையிலே உட்கார வெச்சாங்க. அந்தக் காலத்திலே எனக்கு என்ன வேலை? உங்களுக்கு வேணும்னா போயிட்டு வாங்க. ஆம்பிளைக்கு எந்தக் காலத்திலேயும் திண்ணை உண்டு" என்றாள்.

அடுத்த நாள்தான் ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரட்' நாவலை எடுத்தேன். 1979-இல் வந்தது. காதல் நாவல் என்று இதை யாரும் சொல்லமாட்டார்கள். இருந்தாலும் மற்றவற்றோடு சேர்த்து இதையும் படித்தே ஆக வேண்டும். டானா 1976-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் வாழும் கறுப்பு இனப் பெண், கணவன் வெள்ளையன். அவள் அடிமை முறை நடந்த மேரிலாண்டுக்கு இழுக்கப்படுகிறாள். அங்கே ரூஃபஸ் என்ற வெள்ளைக்காரப் பையனின் உயிரைத் திரும்பத் திரும்பக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அவன் அவளுடைய மூதாதை. அவன் ஓர் அடிமைப் பெண்ணைப் பலவந்தப்படுத்திப் பெறப்போகும் குழந்தையின் வழியில்தான் டானா பிறக்க வேண்டும். கணவனும் அவளோடு அங்கே போய்ச் சிக்கிக்கொள்கிறான். ஒரே வீட்டில், ஒரே வருஷத்தில், அவனுக்குச் சாப்பாட்டு மேஜை. அவளுக்கு அடுக்களையும் சவுக்கும். கடைசித் தடவை திரும்பும்போது அவள் இடக் கையை இழந்துவிட்டே திரும்புகிறாள்.

என் மனைவி ஒரு வாக்கியத்தில் சொன்னதைப் பட்லர் ஒரு நாவலாக எழுதியிருக்கிறார். இறந்த காலம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கதவைத் திறப்பதில்லை. கூலி எவ்வளவு என்பது பிரயாணி யார் என்பதைப் பொறுத்தது. இதைப் படித்த பிறகு மற்ற நாவல்களை நான் மறுபடி புரட்டிப் பார்த்தேன். அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் காலம் ஓரளவுக்காவது இடம் கொடுக்கக்கூடியவர்கள்தான் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

மேஜைமேல் இன்னும் இரண்டு பாக்கி. ஒன்று டாஃப்னி து மாரியே 1969-இல் எழுதிய 'தி ஹவுஸ் ஆன் தி ஸ்ட்ராண்ட்'. ஒரு மருந்தைக் குடித்தவன் பதினாலாம் நூற்றாண்டுக் கார்ன்வாலைக் காண்கிறான். அவனை அங்கே யாரும் காணமுடியாது. அவன் மனசைப் பறிகொடுக்கிற பெண்ணுக்கு அவன் இருப்பதே தெரியாது. இதைவிடக் கடுமையான கூலியை யாராவது கேட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று கலியான் பிராட்லியின் 'தி மினிஸ்ட்ரி ஆஃப் டைம்'. 2024-இல் வந்தது. 1845-இல் சர் ஜான் ஃபிராங்க்ளினோடு இரண்டு கப்பல்களில் வடதுருவப் பக்கம் புறப்பட்டு ஒருவருமே திரும்பாத கோஷ்டியில் கிரகாம் கோர் என்ற மாலுமி அதிகாரி நிஜமாகவே இருந்தார். அவரை நம் நூற்றாண்டு லண்டனுக்குக் கொண்டுவந்து, ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தியின் வீட்டில் குடிவைக்கிறார் ஆசிரியை. அவளுடைய தாயார் கம்போடியாவிலிருந்து அகதியாக வந்தவள். கிழக்கே நாடுகளைப் பிடித்து ஆண்ட சாம்ராஜ்யத்தின் கப்பற்படைக்காரனும், கிழக்கிலிருந்து ஓடிவந்தவளின் மகளும் ஒரே கூரையின் கீழே! இந்தத் தடவை பிரயாணி அவன், வீட்டுக்காரி அவள். உயரம் குறைய வேண்டியவர் யார்?

"நான் படிச்சாச்சு, சொல்லமாட்டேன்" என்கிறாள் அக்காள் மகள். முதல் ஐம்பது பக்கம் தாண்டியிருக்கிறேன். இதுவரை கூலியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஓடம் நடு ஆற்றில் இருக்கிறது.