கவசமும் தகுதியும்

ஒருவன் என்ன உடுத்தியிருக்கிறான் என்பதைக் காட்டிலும், அதை எப்படி அடைந்தான் என்பதில்தான் கதை இருக்கிறது. பாத்திரமேற்று ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் ஒரு கட்சியில் சேர்ந்து, அதற்கு ஊழியம் செய்து, அதன் கவசத்தைப் பரிசாகப் பெறுவது வழக்கமாகிவிட்டது. பரிசு என்கிறோம், எதற்குப் பரிசு என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

2001-ல் ஜெர்மனியில் பிரானா பைட்ஸ் நிறுவனத்தார் உருவாக்கிய 'கோதிக்' அந்தக் கேள்வியைக் கேட்கிறது. மந்திரத் திரைக்குள் அடைபட்ட கைதிகளின் சுரங்கப் பூமி அது. பழைய முகாம், புதிய முகாம், சதுப்பு முகாம் என்று மூன்று கூட்டங்கள். நாயகனுக்குப் பெயர்கூடக் கிடையாது. பழைய முகாமில் சேர வேண்டுமானால் அங்கே செல்வாக்குள்ளவர்கள் சிலர் அவனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அதுவரை கோட்டை வாசலை எளிதில் தாண்ட முடியாது. சண்டையில் வீழ்ந்தவனின் வாளை எடுத்துக்கொள்ளலாம். கவசத்தை மட்டும் உரிக்க முடியாது. ஆகவே அந்தச் சிவப்பு உடை உடம்பில் ஏறும்போது, இரும்பின் கனத்தோடு பிறருடைய அங்கீகாரத்தின் கனமும் சேர்ந்து ஏறுகிறது.

அதோடு நிற்கவில்லை. பின்பகுதியில் பழைய முகாமின் சுரங்கம் இடிந்து போகிறது. தலைவன் கோமஸ் புதிய முகாமின் சுரங்கத்தைப் பறிக்கிறான்; எதிர்த்த நெருப்பு மந்திரவாதிகளைக் கொல்கிறான். நாயகன் நேற்றுவரை காவல் காத்த வாசலில் இன்று துரோகி. அரும்பாடுபட்டுப் பெற்ற கவசம் ஒரே நாளில் அவமானச் சின்னமாகிவிடுகிறது. நல்ல நாவலாசிரியன் செய்கிற காரியம் இது.

2010-ல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' வேறு வழியில் போகிறது. அதில் செத்த சிப்பாயின் சீருடையை உரித்து மாட்டிக்கொண்டால், அவன் கட்சிக்காரர்கள் தம்மவன் என்று நம்பிவிடுகிறார்கள். எதிரிகளோ கண்டதும் சுடுகிறார்கள். சில மேலதிகாரிகளும் நாய்களும் மட்டும் ஏமாறுவதில்லை. உலகம் மனிதனைப் பார்ப்பதில்லை, உடையைத்தான் பார்க்கிறது என்ற கசப்பான உண்மை இதில் உண்டு. ஆனால் உழைத்துப் பெற்ற சீருடைக்கும் பிணத்தில் உரித்ததற்கும் இங்கே வித்தியாசமில்லை. வேஷத்துக்குப் பயன் கூடுகிறது. பரிசுக்கு மதிப்புக் குறைகிறது.

2011-ல் வெளியான 'ஸ்கைரிம்' என் அபிப்பிராயத்தில் இந்த விஷயத்தில் மூன்றிலும் பலவீனமானது. அதன் பனிமலைகளின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் திருடர் சங்கத்தின் கவசம் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே கைக்கு வந்துவிடுகிறது. அதே மனிதன் திருடர்களுக்கும் தலைவனாகலாம், மந்திரக் கல்லூரிக்கும் தலைவனாகலாம். ஒன்றை ஏற்பதற்காக அவன் மற்றொன்றை இழப்பதில்லை. எனவே கவசங்கள் அலமாரியில் தொங்கும் சட்டைகளாகிவிடுகின்றன.

ஆடுகிறவனுக்குச் சுதந்திரம் கொடுக்கிறோம் என்பார்கள் செய்தவர்கள். அதில் நியாயம் உண்டு. பொழுதுபோக்க வந்தவனிடம் கதவைச் சாத்துவது வியாபாரத்துக்கு ஒத்துவராது என்பதும் தெரிகிறது. ஆயினும் எந்தக் கதவும் சாத்தப்படாத ஊரில், உள்ளே நுழைந்துவிட்டோம் என்ற சந்தோஷம் எங்கிருந்து வரும்? ஒரு கட்சியின் கவசத்தை அணிவது என்றால் மற்றக் கட்சிகளின் கவசங்களைக் கைவிடுவது என்று பொருள். கோதிக் இதை அறிந்திருந்தது. அதனால்தான் அந்தப் பெயரில்லாத கைதி எனக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறான்.