போர்க்களத்தைப் படித்தவர்கள்
பண்டைக் கிரேக்கப் போர் வரலாற்றியலின் ஒன்றரை நூற்றாண்டு

கிரேக்க நகர அரசுகளின் போர்களைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பங்கு மூன்று பேர் எழுதியவற்றிலிருந்து வருகிறது: ஹெரோடோட்டஸ், துசிடிடீஸ், ஜெனோஃபோன். எந்தப் படை எந்தப் பக்கம் நின்றது, யார் வென்றார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்பதையெல்லாம் அவர்கள் சொல்கிறார்கள். ஆனால், வெண்கலம் பூண்ட இரண்டு வரிசைகள் நேருக்கு நேர் மோதிய கணத்தில் என்ன நடந்தது என்பதை விரித்துச் சொல்வதில்லை. அவர்களுடைய வாசகர்களில் பலர் அந்த வரிசைகளில் நின்றவர்களே; அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த இடைவெளியைப் பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் தங்கள் வாழ்க்கையைக் கொண்டு நிரப்பினார்கள். அவர்கள் அனுபவம் கேள்வியாக வந்தபோது துறை வளர்ந்தது. அதே அனுபவம் விடையாக வந்து உட்கார்ந்தபோது துறை தேங்கியது.

பிரஷ்யாவின் கண்ணாடி

1848 புரட்சிக்குப் பின் சுவிட்சர்லாந்துக்கு வந்து சேர்ந்தவர்கள் வில்ஹெல்ம் ரூஸ்டோ, ஹெர்மன் கோக்லி இருவரும். ஒருவர் முன்னாள் பிரஷ்ய அதிகாரி, மற்றவர் மொழியியலாளர். கிரேக்கப் போர்முறை குறித்த இவர்களுடைய நூல் 1852இல் வெளிவந்து துறைக்கு அடித்தளமிட்டது. அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்பியவர் ஹான்ஸ் டெல்பிரூக் (1848–1929). 1870இல் பிரான்சுக்கு எதிரான போரில் பங்கெடுத்தவர். பின்னர் பெர்லினில் பேராசிரியர். அவருடைய போர்க்கலை வரலாறு 1900 முதல் 1920 வரை நான்கு தொகுதிகளாக வந்தது. பேராசிரியர்கள் போர் வரலாற்றைத் தங்கள் துறையாக எண்ணவில்லை. ராணுவத்தினரோ, பேராசிரியர் ஒருவர் போரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதை விரும்பவில்லை. இரு தரப்பின் புறக்கணிப்பையும் தாங்கிக்கொண்டுதான் அவர் எழுதினார்.

அவர் கேட்ட கேள்விகள் எளிமையானவை. பாரசீக மன்னன் செர்க்ஸிஸ் கிரேக்கத்தின் மீது படையெடுத்தபோது, பணியாட்களையும் சேர்த்து ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்ததாக ஹெரோடோட்டஸ் கணக்குச் சொல்கிறார். 30,000 பேர் கொண்ட ஒரு ஜெர்மன் படைப்பிரிவு சாலையில் எவ்வளவு நீளத்துக்கு நீளும் என்பது டெல்பிரூக்குக்குத் தெரியும். அதைக்கொண்டு கணக்கிட்டார்: முதல் வீரன் தெர்மோபிலைக் கணவாயை எட்டும்போது கடைசி வீரன் டைகிரிசுக்கு அப்பால் சூசா நகரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருப்பான். இந்த ஒரு கணக்கோடு, பண்டை நூல்களின் எண்களை அப்படியே நம்பும் வழக்கம் ஆட்டம் கண்டது.

ஆனால் மராத்தான் போரில் (கி.மு. 490) அவருடைய அதே முறை வேறு விதமாக முடிந்தது. ஏதென்ஸ் வீரர்கள் எட்டு ஸ்டேடியம், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர், ஓடிச்சென்று பாரசீகரைத் தாக்கினார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். முழுச் சுமையுடன் பிரஷ்ய வீரன் அவ்வளவு தூரம் ஓட முடியாது. ஆகவே ஏதென்ஸ்காரனும் ஓடியிருக்க முடியாது என்று டெல்பிரூக் முடிவுகட்டினார். அனுபவம் இங்கே சான்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிரிட்டனின் ஜி. பி. கிரண்டி 1911இல் கிரேக்க அணிகளின் மோதலை ரக்பி ஆட்டத்தின் நெரிசலோடு ஒப்பிட்டார். பின்வரிசை முன்வரிசையைத் தள்ளியது என்ற அந்தச் சித்திரம் நூறாண்டு கடந்தும் விவாதத்தை விட்டு நீங்கவில்லை.

சேகரித்தவரும் உழவரும்

இந்த ஊகங்களுக்கு நடுவே, சான்றுகளை முதலில் சேர்ப்போம் என்று உட்கார்ந்தவர் அமெரிக்கரான டபிள்யூ. கெண்ட்ரிக் பிரிட்செட் (1909–2007). பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1971 முதல் 1991 வரை ஐந்து தொகுதிகளில் கிரேக்க அரசின் போர் நடைமுறைகளைத் திரட்டினார். படைக்குச் சோறு எங்கிருந்து வந்தது, கூலி என்ன, கொள்ளைப் பொருளை எப்படிப் பங்கிட்டார்கள், போருக்கு முன் என்ன பலியிட்டார்கள், இறந்தவர்களை எப்படிப் புதைத்தார்கள் என்று தலைப்பு தலைப்பாகச் சென்றார். கூடவே, கிரேக்க மண்ணில் நடந்து நடந்து போர்க்களங்களையும் வழிகளையும் ஆராய்ந்து எட்டுப் பகுதிகள் எழுதினார். அவருடைய முடிவுகளை மறுப்பவர்களும் அவர் சேர்த்த சான்றுகளின் மேல் நின்றுகொண்டுதான் மறுக்கிறார்கள்.

துறையைப் பொதுவாசகர்களிடம் கொண்டுசேர்த்தவர் விக்டர் டேவிஸ் ஹான்சன். கலிபோர்னியாவில் உலர்திராட்சை விளைவிக்கும் குடும்பத்தில் 1953இல் பிறந்து, ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றுப் பண்ணைக்கே திரும்பியவர். பெலோபொனீசியப் போரின் முதல் ஏழு ஆண்டுகளில் ஸ்பார்ட்டா ஐந்து முறை ஏதென்ஸின் வயல்வெளிகளுக்குள் புகுந்தது; மிக நீண்ட படையெடுப்பும் ஏறத்தாழ நாற்பது நாளே நீடித்தது. அந்த நாட்களில் வேளாண்மையை அழித்துவிட முடியுமா? ஒலிவ மரத்தை வெட்டினாலும் அடிமரம் துளிர்க்கும். பச்சைத் தானியம் தீப்பற்றாது. கொடியை வேரோடு பிடுங்குவது பெரும்பாடு. நூலகத்தில் மட்டுமே இருந்தவருக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்காது. 1983இல் வெளிவந்த அந்த ஆய்வு துறையின் நிலையான சொத்து.

1989இல் வந்த அவருடைய அடுத்த நூல் போர்வீரனின் பக்கம் திரும்பியது. போர் வரலாற்றாசிரியர் ஜான் கீகன் 1976இல் காட்டிய வழியில், தளபதியின் வரைபடத்தை விட்டுவிட்டுத் தலைக்கவசத்துக்குள் இருந்த மனிதனின் அச்சத்தையும் வெப்பத்தையும் சுமையையும் பேசியது. ஆனால் அதே நூலில் இன்னொரு படமும் இருந்தது: சொந்த நிலம் உழுத சிறு விவசாயிகள், சமதரையில், பேசிவைத்ததுபோல் ஒரு பகலில் மோதித் தீர்த்துக்கொண்டு வயலுக்குத் திரும்பினார்கள் என்பது. தம் குடும்பத்தாரின் உழைப்பையும் தன்மானத்தையும் நேசித்த ஒருவர் அவற்றைக் கிரேக்கத்திலும் கண்டார். பிற்காலத்தில் அதை மேற்குலகம் முழுமைக்குமான போர்முறையாகவும் விரித்தார். இங்கே கேள்வி முடிந்து விடை தொடங்கிவிட்டது.

மறுப்பும் மண்ணும்

மறுப்பு பல முனைகளிலிருந்து வந்தது. கிரேக்கர் விதி வகுத்துப் போரிட்டார்கள் என்பது பிற்காலத்தவர் பழமையை அழகுபடுத்திய சித்திரம் என்று பீட்டர் கிரென்ட்ஸ் 2002இல் வாதிட்டார். ஹான்சன் 70 பவுண்டு என்று கொண்ட போர்க்கோலத்தின் எடை 50 பவுண்டுக்கும் குறைவே என்று பின்னர் மதிப்பிட்டு, மராத்தான் ஓட்டம் நடக்கக்கூடியதுதான் என்றும் காட்டினார். ஹான்ஸ் வான் வீஸ் 2004இல் எழுதிய நூல், நெருக்கமான காலாள் அணி மெல்ல மெல்ல உருவானது என்றும், கனக் கவசக்காரர்களும் கல்லெறிவோரும் வில்லாளிகளும் நெடுங்காலம் கலந்தே போரிட்டார்கள் என்றும் நிறுவ முயன்றது. போர்க்கோலம் பூண்டவர்களின் மையத்தில் வேலையாட்களை வைத்து நிலத்தை நடத்திய வசதியானவர்களே இருந்தார்கள் என்றும் அவர் கருதினார். ரோல் கோனைனென்டைக் 2018இல் இன்னும் பின்னோக்கிச் சென்று, பயிற்சி பெற்ற படையை அளவுகோலாக வைத்த பிரஷ்ய மரபே துறையின் கேள்விகளைக் கோணலாக்கியது என்றார். ஸ்பார்ட்டா நீங்கலாகப் பெரும்பாலான கிரேக்கப் படைகள் பயிற்சியற்ற குடிமக்களால் ஆனவை. தந்திரமும் திடீர்த் தாக்குதலும் ஓடுபவரை விரட்டிக் கொல்வதும் அவர்களுக்கு இயல்பானவை.

மண்ணும் பேசத் தொடங்கிவிட்டது. சிசிலியின் ஹிமேராவில் கி.மு. 480, 409 ஆண்டுப் போர்களில் இறந்தவர்களின் கூட்டுப் புதைகுழிகள் அகழப்பட்டன. 480இல் கார்த்தேஜ் படையை வென்றது கிரேக்கக் கூட்டணி என்று நூல்கள் பெருமையோடு சொல்கின்றன. 2022இல் வெளியான மரபணு ஆய்வு, அந்தக் குழிகளில் வட ஐரோப்பா, புல்வெளிப் பகுதிகள், காக்கேசியா வரையிலான தொலைநிலத்து மரபினரும் கிடப்பதைக் காட்டியது. கூலிப்படையினராக வந்து கிரேக்கருக்காக மடிந்தவர்களாக அவர்கள் இருக்கக்கூடும். எந்த வரலாற்றாசிரியரும் அவர்களைக் குறிப்பிடவில்லை.

இந்தத் துறையின் அடுத்த வேலை எங்கே இருக்கிறது என்பதையும் இதுவே சொல்கிறது. பிளாட்டியாப் போரில் (கி.மு. 479) 5,000 ஸ்பார்ட்டாக்காரர்களோடு 35,000 அடிமைக் குடிகளான ஹெலட்டுகள் நின்றதாக ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார்; நவீன நூல்களில் பல முதல் எண்ணோடு நின்றுவிடுகின்றன. ஒரு மும்மாடத் துடுப்புப் போர்க்கப்பலை 170 பேர் வலித்தார்கள். பெலோபொனீசியப் போரின்போது ஏதென்ஸுக்கு அருகே டெசெலியாவில் ஸ்பார்ட்டா கோட்டை கட்டிய பின் ஏதென்ஸிலிருந்து 20,000க்கும் மேற்பட்ட அடிமைகள் தப்பி ஓடினார்கள். கி.மு. 416இல் மீலோஸ் தீவு ஏதென்ஸிடம் வீழ்ந்தபோது ஆண்கள் கொல்லப்பட்டார்கள்; பெண்களும் குழந்தைகளும் விற்கப்பட்டார்கள். இவையெல்லாம் புதிதாய்க் கண்டெடுத்த செய்திகள் அல்ல. இருநூறு ஆண்டுகளாக எல்லாரும் படித்த நூல்களில் இருப்பவை. அதிகாரி கண்ணுக்கு அணிவகுப்பு தெரிந்தது. நிலம் உடைய விவசாயி கண்ணுக்கு நிலம் உடையவன் தெரிந்தான். சுமை தூக்கியவனையும் விற்கப்பட்டவளையும் தேடிப் போகத் தூண்டும் அனுபவம் இத்துறைக்குள் அரிதாகவே நுழைந்தது.

ஆகவே அனுபவத்தை வாசலில் கழற்றிவைத்துவிட்டு வாருங்கள் என்று இளம் ஆய்வாளரிடம் சொல்வது தவறு. டெல்பிரூக்கின் சாலைக் கணக்கும் ஹான்சனின் ஒலிவ மரமும் அப்படிச் சொல்லியிருந்தால் கிடைத்திருக்காது. வேறு வேறு வாழ்க்கையிலிருந்து வருபவர்கள் பெருக வேண்டும். அவரவர் கேள்வியைக் கொண்டுவர வேண்டும். விடையை மட்டும் பிரிட்செட்டின் பொறுமையோடு நூலிலும் கல்லிலும் எலும்பிலும் தேட வேண்டும்.