ஒரு விலைப்பட்டியலைத் திறனாய்வு செய்வோம்

நூல்களைத் திறனாய்வு செய்வது வழக்கம். திரைப்படங்களையும் செய்கிறார்கள். இம்மாதம் நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே பக்கம் உள்ள ஒரு கணிப்பொறிக் கடையின் விலைப்பட்டியல். 'இதற்குமா திறனாய்வு?' என்று நீங்கள் கேட்கலாம். இந்த ஒரு பக்கத்தை நம்பி ஒரு குடும்பம் எண்பதாயிரம் ரூபாயைக் கொடுக்க இருந்தது. அவ்வளவு விலையுள்ள பக்கத்தை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

கொல்லிமலையில் உள்ள வளப்பூர் நாட்டை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அறப்பளீசுவரர் கோயிலும் அதனையடுத்த ஆகாய கங்கை அருவியும் அங்கேதான் இருக்கின்றன. அங்கிருந்து மலையிறங்கி வந்து என்னிடம் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர், 2023-ஆம் ஆண்டு இந்தப் பட்டியலோடு வந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம், ஆடியில் செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழா ஆகியவற்றை வீடியோ எடுத்து, ஊரிலேயே இருந்து தொகுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதுவரை எடுத்த படத்தைக் கீழே கொண்டுபோய் வேறொருவரிடம் கொடுத்துத் தொகுத்துக்கொண்டிருந்தார். கிடைத்த கூலியில் பாதி அங்கேயே போய்விடும். மிளகும் காப்பியும் விற்று அப்பா சேர்த்த பணம்தான் முதலீடு.

"எல்லாம் ஒண்ணுக்கொண்ணு மேட்ச் ஆகும்னு கடைக்காரர் சொல்றாரு, சார். நெட்லயும் போட்டுப் பாத்துட்டேன். பொருத்தம் சரின்னுதான் வருது" என்றார்.

பொருத்தம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் பத்துப் பொருத்தமும் பார்த்து முடித்து, பத்திரிகையும் அடித்த பிறகு, 'மாப்பிள்ளைக்கு என்ன வேலை?' என்று கேட்கிற வீடுகள் உண்டு. இந்தப் பட்டியலும் அந்த வகைதான்.

பட்டியலில் இருந்தவை இவை: இன்டெல் ஐ7-12700எஃப் செயலி, எச்610 வகை மதர்போர்டு, 16 கிகாபைட் ராம், ஒரே பட்டையாக, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, 500 கிகாபைட் எஸ்.எஸ்.டி.; '650 வாட்' எஸ்.எம்.பி.எஸ்.; வண்ண விளக்குகள் பொருத்திய கண்ணாடிக் கேபினெட். இதில் பொய் எதுவும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எல்லாம் உண்மையான பொருள்கள். செருகினால் செருகும், ஓட்டினால் ஓடும்.

செருகுவது ஏன் அவ்வளவு எளிது? 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் கணிப்பொறியைத் திறந்த அமைப்பாக வெளியிட்டது. பிறர் செய்த அட்டைகளையும் அதில் செருகலாம் என்றாயிற்று. 1995-இல் இன்டெல் வகுத்த 'ஏ.டி.எக்ஸ்.' அளவுமுறை, திருகு துளையிலிருந்து மின்செருகி வரை எல்லாவற்றுக்கும் இடம் குறித்தது. தவறாகச் செருக முடியாதபடியே பல பாகங்கள் செய்யப்படுகின்றன. டி.டி.ஆர்.4 ராமுக்கும் டி.டி.ஆர்.5 ராமுக்கும் 288 தொடுமுனைகள்தாம். ஆனால் நடுவிலுள்ள வெட்டு சற்றே தள்ளியிருப்பதால் ஒன்றன் இடத்தில் மற்றொன்று இறங்காது. ஆக, பாகங்கள் ஒன்றில் ஒன்று இறங்குவதைப் பொருத்தம் என்று பாராட்டத் தேவையில்லை.

இறங்கினாலும் ஓடாதவை உண்டு. 2015-இல் வந்த ஆறாம் தலைமுறை இன்டெல் செயலிக்கும், 2017-இல் வந்த எட்டாம் தலைமுறைச் செயலிக்கும் தொடுமுனைகள் 1151. பின்னதை முன்னதன் பலகையில் வைத்தால் அழகாக உட்காரும். ஆனால் அந்தப் பலகை அதற்கென்று செய்யப்பட்டதன்று. இத்தகைய வலையில் சிக்காமல் காக்கத்தான் பொருத்தம் பார்க்கும் இணையதளங்கள் உதவுகின்றன. அதற்கு நன்றி சொல்வோம். நம் பட்டியல் அந்தத் தேர்விலும் தேறியது.

இனி மாப்பிள்ளையின் வேலைக்கு வருவோம்.

'4கே' எனப்படும் ஒளிப்படச் சட்டம் ஒன்றில் 3840 × 2160 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 83 இலட்சம். ஒரு புள்ளிக்குச் சராசரி ஒன்றரை பைட், வினாடிக்கு 25 சட்டங்கள் என்று பெருக்கிப் பாருங்கள். வினாடிக்கு 311 மெகாபைட் வரும். ஒரு நிமிடத்துக்கு 18 கிகாபைட்டுக்கு மேல்! கைபேசியும் கேமராவும் இதை அப்படியே எழுதுவதில்லை, சுருக்கி எழுதுகின்றன. தொகுப்பவர் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் மீண்டும் சுருக்கிக் கொடுக்க வேண்டும். இந்தப் பிரிப்பதும் சுருக்குவதுமே அவர் கணிப்பொறியின் அன்றாடத் தொழில்.

இதற்கென்றே தனி மின்சுற்றுகள் உண்டு. 2011 முதல் இன்டெல் செயலிகள் பலவற்றில், உள்ளிருக்கும் வரைகலைப் பகுதியோடு சேர்ந்து இச்சுற்றும் இருக்கிறது. ஆனால் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், அந்த வரைகலைப் பகுதி வேலை செய்யாது. சுற்றும் அதோடு போயிற்று. சில ஆயிரம் ரூபாய் குறையும், அவ்வளவுதான் இலாபம். 'கார்டுதான் தனியாக இருக்கிறதே!' என்பீர்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு 2022 ஜனவரியில் வந்தது. அதில் பிரிக்கும் சுற்று உண்டு. சுருக்கும் சுற்றை வைக்கவில்லை. விளையாட்டுக்கான மலிவு விலைக் கார்டு அது. அதனிடம் இதைக் கேட்பது நம் தவறு.

கூட்டிப் பாருங்கள். வீடியோ தொகுக்கவென்று வாங்கும் பெட்டியில், வீடியோவைச் சுருக்கும் சுற்று எங்குமே இல்லை! இரு பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. இருவரிடமும் இல்லாதது ஒரே பொருள். நியாயமாகச் சொன்னால், செயலியின் பன்னிரண்டு உள்ளகங்களும் மென்பொருள் வழியே அந்த வேலையைச் செய்துவிடும். சில வேளை தரம் ஒரு படி மேலாகக்கூட இருக்கும். ஆனால் நேரமும் மின்சாரமும் பல மடங்கு ஆகும்.

மின்சாரம் என்றதும் பட்டியலின் இரண்டாவது குறை தெரிகிறது. 12700எஃப் செயலிக்கு '65 வாட்' என்று குறித்திருந்தார்கள். அது அடிப்படை அளவு. முழு வேகத்தில் 180 வாட் வரை இழுக்கலாம் என்று இன்டெல்லே சொல்லியிருக்கிறது. மென்பொருள் வழியே மணிக்கணக்கில் வீடியோவைச் சுருக்கும்போது அந்த முழு வேகம்தான் வேண்டும். மலிவான எச்610 பலகைகள் பலவற்றில், செயலிக்கு மின்சாரம் மாற்றித் தரும் பகுதி சிறியது; அதன்மேல் வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடுகூட இருக்காது. அது சூடானால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பன்னிரண்டு மாட்டு வண்டியை ஒரு சணல் கயிற்றில் கட்டி இழுப்பதுபோல.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டுச் சீட்டை நீங்களும் உங்கள் வீட்டில் படித்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் 650 வாட். கீழே சிறு எழுத்தில் ஓர் அட்டவணை. அதில் 12 வோல்ட்டுக்கு நேரே 28 ஆம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் 336 வாட். இக்காலக் கணிப்பொறியில் செயலியும் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான் பிழைக்கின்றன. செயலி 180, கார்டு 107, மற்றவை சேர்த்தால் விளிம்பில் நிற்கிறோம். மீதி வாட் எல்லாம் எங்கே என்று கேட்காதீர்கள். அச்சடித்த மையில் இருக்கிறது.

ராமைப் பற்றி ஒரு வரி போதும். ஒரே பட்டை என்றால் ஒரு வாசல், வினாடிக்கு 25.6 கிகாபைட். அதே அளவை இரண்டு பட்டையாக வாங்கினால் இரண்டு வாசல், 51.2. விலை பெரிதாக மாறாது.

கேபினெட்டுக்கு வெளியே உள்ளவற்றைப் பட்டியலும் இணையதளமும் கவனிக்கவே இல்லை. மலையூரில் மாலை நேரத்தில் விளக்கு மங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? பழைய குண்டு விளக்கு, மின்னழுத்தம் குறைந்தால் தானும் குறைவாக வாங்கிக்கொண்டு அடங்கிவிடும். எஸ்.எம்.பி.எஸ். அப்படியன்று. உள்ளே 300 வாட் வேண்டுமென்றால் எப்படியும் 300 வாட் வாங்கியே தீரும். 230 வோல்ட்டில் 1.3 ஆம்பியர், அழுத்தம் 180-க்கு இறங்கினால் 1.67 ஆம்பியர். கம்பியில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்ததாகையால், அந்த இழப்பு 1.6 மடங்காகிறது. எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது, அது 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்குமா, 200 முதல் மட்டுமா என்று சீட்டில் பார்ப்பது மலைக்காரருக்கு மிக முக்கியம்.

மலைக்காற்றையும் கணக்கில் கொள்வோம். ஆயிரம் மீட்டருக்கு மேலுள்ள ஊரில் காற்று சமவெளியைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இலேசானது. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் குறைந்த நிறையுள்ள காற்றையே தள்ளும். இதைக் கேட்டுத் தண்ணீரால் குளிர்விக்கும் கருவி வாங்கலாமா என்றார் மாணவர். வேண்டாம். உயரம் கூடக்கூட, கிலோமீட்டருக்கு 6 டிகிரி அளவில் காற்று குளிர்ந்தும் இருக்கிறதே! கணக்குப் பார்த்தால் நட்டம் இரண்டு மூன்று டிகிரி, இலாபம் ஐந்தாறு டிகிரி. வளப்பூர் நாட்டுக்கு இயற்கை தந்த தள்ளுபடி இது.

கடைசியில் வாங்கியது என்ன? 'எஃப்' இல்லாத ஐ5-12500 செயலி. ஆறு உள்ளகம்தான், ஆனால் பிரித்துச் சுருக்கும் சுற்று இரண்டு உண்டு, உச்சத்தில் 117 வாட்தான். இரண்டு பட்டையாக 32 கிகாபைட் ராம், சற்றே நல்ல பலகை, 12 வோல்ட்டுக்கு உண்மையாகவே நின்று கொடுக்கும் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். கார்டு வாங்கவில்லை, அதற்கான இடம் காலியாக விடப்பட்டது. கார்டு இல்லாத பெட்டியைப் பார்த்துக் கடைக்காரர் முகம் சுளித்தாராம். வண்ணம் திருத்தும் வேலைகளில் இந்தப் பெட்டி மெதுவாகத்தான் போகும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கனமான கார்டு இல்லாததால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அது பத்திரமாக ஏறியது. கார்டு இருந்திருந்தால் கழற்றித் தனியே பொதிந்துதான் கொண்டுபோக வேண்டும்.

என் பங்குக்கும் ஒரு தவறு செய்தேன். 600 வி.ஏ. யு.பி.எஸ். போதும் என்றேன். அது தருவது 360 வாட். கணிப்பொறி கேட்பதோ 200 வாட் அளவு. கணக்குச் சரி. ஆனால் மின்சாரம் நின்றவுடன் பெட்டியும் நின்றது. மலிவான யு.பி.எஸ். தருவது சைன் அலையன்று, படிக்கட்டுப் போன்ற அலை. நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களில் மின்னோட்டத்தைச் சீராக்க ஒரு சுற்று உண்டு. அவற்றில் சில அந்தப் படிக்கட்டோடு ஒத்துப்போவதில்லை. தரமான பொருளை வாங்கச் சொன்னவனே அதன் பொருத்தத்தைப் பார்க்கவில்லை! சைன் அலை தரும் யு.பி.எஸ். மாற்ற நேர்ந்தது. கூடுதல் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன்.

2025-இல் அவர் மீண்டும் ஒரு பட்டியலோடு வந்தார், கார்டு வாங்குவதற்காக. இம்முறை அவர் கையெழுத்து. முதல் வரியில் கார்டின் பெயர் இல்லை. 'ராத்திரி ஏழு மணிக்கு வோல்டேஜ்' என்று எழுதி, ஒரு வாரத்துக்கு அளந்த எண்களை வரிசையாகக் குறித்திருந்தார். இரண்டாம் வரி யு.பி.எஸ். எத்தனை வாட் தாங்கும் என்பது. மூன்றாம் வரியில், சுருக்கும் சுற்று உண்டா என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார்.